கிருஷ்ணகிரியில் ஓர் அமெரிக்கக் குடியுரிமை வகுப்பு: உறுதிமொழியைப் புரியவைத்துச் சொல்லச் சொல்லும் இடம்

கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில், அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கும் வயதான பெற்றோர்களுக்கென்று ஒரு சிறிய பயிற்சி வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளோடு அங்கே வசித்து, கிரீன் கார்டு பெற்று, ஐந்து ஆண்டுகள் முடிந்து மனுச் செய்துவிட்டு, நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்குள் கொஞ்ச நாள் ஊருக்கு வந்துபோகிறவர்கள்தான் இங்கே பெரும்பாலும் மாணவர்கள். டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கும் என் அக்காவுக்கு 67 வயது. அவருக்குத் துணையாகச் சென்ற நான், ஆசிரியர் அனுமதித்ததால், வகுப்பு முழுவதையும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன். அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், பாடம் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியும் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அக்கா இன்னும் நேர்காணலுக்குச் செல்லவில்லை. எனவே தேர்ச்சி பெற்றாரா இல்லையா என்பதை வைத்து இதை எழுதவில்லை.

முதலில் தேர்வு எப்படிப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 20ஆம் தேதியிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 100 கேள்விகள் கொண்ட பழைய பட்டியல். 10 கேட்டு 6 சரியாக இருந்தால் போதும். இதனோடு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இரண்டுக்கும் மும்மூன்று வாய்ப்புகள் உண்டு. கிரீன் கார்டோடு 20 ஆண்டுகள் இருந்த 50 வயதினருக்கும், 15 ஆண்டுகள் இருந்த 55 வயதினருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். வயது மட்டும் இருந்தால் விலக்கு கிடைத்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள் பலர் இருப்பதால், இந்த விளக்கத்தை முதல் நாளே கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு எங்கும் கிடைக்காதது என்று பாராட்டவும் ஒன்றுமில்லை.

இந்த வகுப்பைத் தேடிப் போகத் தூண்டுவது வேறொன்று. குடியுரிமை பெறும் விழாவில் எடுக்கும் உறுதிமொழியில் புதிய குடிமக்கள் கொடுக்கும் வாக்குறுதிகள் என்ன என்பது தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வி. பழைய பட்டியலில் ஒரு வாக்குறுதியைச் சொன்னால் போதும். புதிய பட்டியலில் இரண்டு சொல்ல வேண்டும். மற்ற நாடுகளின் மீதான விசுவாசத்தைக் கைவிடுவேன், அமெரிக்க அரசியலமைப்பைக் காப்பேன், சட்டங்களுக்குக் கீழ்ப்படிவேன், தேவைப்பட்டால் ராணுவத்தில் பணிபுரிவேன், தேவைப்பட்டால் நாட்டுக்கு முக்கியமான பணி செய்வேன், அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற பதில்களில் ஏதாவது இரண்டைச் சொன்னால் மதிப்பெண் வந்துவிடும். அக்கா இதற்கு முன் பணம் கட்டிச் சேர்ந்திருந்த ஓர் இணையவழிப் பயிற்சியில் அந்த இரண்டைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். விண்ணப்பத்தில் உறுதிமொழி குறித்து வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் “யெஸ்” என்று சொல்லிவிடுங்கள், மேலே யோசிக்க வேண்டாம் என்பதும் அவர்கள் கொடுத்த அறிவுரை. தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு மனிதர் கையை உயர்த்திச் சொல்லப்போகும் சொற்களின் பொருள் தெரியாமலேயே அவரை அந்த இடத்துக்கு அனுப்பிவைப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அக்காவுக்கும் அது உறுத்தலாகவே இருந்தது.

லண்டன்பேட்டை வகுப்பை நடத்துபவர் அரசியல் அறிவியல் படித்த ஒரு பெண்மணி. அவரே அந்த உறுதிமொழியை ஏற்று அமெரிக்கக் குடிமகள் ஆனவர். தாயைக் கவனித்துக்கொள்வதற்காக, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையோடு ஊருக்குத் திரும்பியவர். உறுதிமொழிக்கென்றே தனியாக இரண்டு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறார். ஆங்கிலத்தில் அது ஒரே வாக்கியம், 140 சொற்கள். அதைக் கரும்பலகை முழுவதும் எழுதிவிட்டு, ஒவ்வொரு வாக்குறுதியும் முடியும் இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அதே பகுதிகளைத் தடித்த அட்டைகளில் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்து, “இதுல நீங்க என்ன செய்றேன்னு சொல்றீங்க? உங்க வாயால, உங்க பேச்சுல சொல்லுங்கம்மா” என்று கேட்டார். யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அவர் விட்டுவிடாமல், அவசரப்படுத்தவும் செய்யாமல், ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது சொல்லும்வரை காத்திருந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் அது. நடைமுறையில் இவ்வளவு பொறுமையோடு செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் அட்டை காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருந்த, இந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு வந்தது. இதுவரை குடிமகனாக இருந்த எந்த அயல்நாட்டின் மீதும் உள்ள விசுவாசத்தை முழுமையாகத் துறக்கிறேன் என்பது அந்தப் பகுதி. அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “மேடம், நான் பட்டாளத்துல சேரும்போது இந்திய அரசியலமைப்புக்கு உண்மையா இருப்பேன்னு சத்தியம் பண்ணினவன். இப்ப இத சொன்னா அது பொய்யாயிடாதா?” என்று கேட்டார். வகுப்பில் எழுந்த கேள்விகளில் மிகக் கனமானது அதுதான். ஆசிரியர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பணிக்காலம் முழுவதும் அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றிவிட்டார், அது நிறைவேறிய வாக்கு என்றார். அதோடு, விருப்பப்பட்டு வேறு நாட்டுக் குடியுரிமை பெறுகிறவரின் இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வந்துவிடும் என்று இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்வதால், இந்தியச் சட்டம் அனுமதித்த வழியில்தான் அவர் விலகுகிறார் என்பதையும் விளக்கினார். துறப்பது அரசியல் கடமையை. பிறந்த மண்ணின் மீதான அன்பையோ மொழியையோ வழிபாட்டையோ துறக்கச் சொல்லி அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை என்றும் சொன்னார். வேறு நாட்டு ராணுவத்தில் பணியாற்றியிருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் தெரிவித்தாக வேண்டும் என்பதையும் அந்த இடத்திலேயே நினைவூட்டினார். பெரியவர் முழுச் சமாதானம் அடைந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இணையவழிப் பயிற்சியில் அது கிடைத்திருக்காது.

அப்போது இன்னோர் அம்மா, “பொறந்த வீட்ல இருந்து புகுந்த வீட்டுக்குப் போற மாதிரிதானே மேடம்?” என்றார். ஊரில் எல்லோரும் சொல்லும் உவமைதான். எனக்கும் முதலில் பொருத்தமாகவே தோன்றியது. ஆசிரியர் அதை ஏற்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பங்கு உண்டு, நல்லது கெட்டதில் அவள் பேச்சுக்கு மதிப்பும் உண்டு. இங்கேயோ வாக்குரிமை போகிறது, தேர்தலில் நிற்கும் உரிமை போகிறது, இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது, இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்று வரிசையாகச் சொன்னார். இழப்பை இழப்பென்றே சொல்லிவிடும் இந்த நேர்மைக்காகவே இந்த வகுப்பை நான் பரிந்துரைப்பேன்.

வரலாற்றை அவர் அளவோடு கொண்டுவருகிறார். 1790இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் அரசியலமைப்பை ஆதரிப்பேன் என்ற உறுதியை மட்டுமே கேட்டது. பழைய நாட்டின் விசுவாசத்தைத் துறக்க வேண்டும் என்பது 1795இல் சேர்ந்தது. மன்னர்களையும் இளவரசர்களையும் பற்றிய சொற்கள் இன்றும் அந்த வாக்கியத்தில் இருப்பது அந்தக் காலத்தின் எச்சம். ஆயுதம் ஏந்துவேன் என்ற பகுதியும் போரிடாத ராணுவப் பணி பற்றிய பகுதியும் மிகப் பின்னால், 1950இல் சட்டமாயின. சிவில் நிர்வாகத்தின் கீழ் செய்யும் தேசிய முக்கியத்துவமுள்ள பணி 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது. நடுவில் அவர் சொன்ன இரண்டு வழக்குகள் என் மனத்தில் நன்றாகப் பதிந்தன. ரோசிகா ஷ்விம்மர் என்ற ஹங்கேரியப் பெண், போரை எதிர்ப்பவர், ஐம்பதை ஒட்டிய வயதில் குடியுரிமை கேட்டார். எந்தச் சட்டமும் அவரைப் போர்முனைக்கு அனுப்பியிருக்காது. ஆனாலும் ஆயுதம் ஏந்தச் சம்மதம் என்று சொல்ல மறுத்ததற்காக 1929இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமையை மறுத்தது. 1946இல் ஜிரூவார்ட் என்ற கனடாக்காரரின் வழக்கில் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, சமய நம்பிக்கை காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்பவரும் நல்ல குடிமகனாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் அக்கா. அவர் வள்ளலார் வழியில் நிற்பவர்; இளவயதிலேயே புலால் மறுத்தவர்; ஊரில் இருந்த காலமெல்லாம் தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனத்துக்குப் போய்வந்தவர். சட்டம் கோரினால் ஆயுதம் ஏந்தத் தயாரா என்ற கேள்விக்கு, விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிய மகன் “ஆம்” என்று குறித்துவிட்டான். அந்த நாட்டில் கட்டாய ராணுவச் சேர்க்கை 1973இலேயே நின்றுவிட்டது. இன்றும் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள்தான் அதற்கான பட்டியலில் இடம்பெற வேண்டியவர்கள். “இந்த வயசுல உன்னை யாரும்மா துப்பாக்கி தூக்கச் சொல்லப்போறாங்க?” என்பது மகனின் வாதம். அக்காவின் பதில் வேறு: “கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு அவங்க கேக்கலையே, தயாரான்னுதானே கேக்கறாங்க?” ஆசிரியர் அக்கா பக்கமே நின்றார். உறுதிமொழியின் கடைசிப் பகுதி, இதை மனத்துக்குள் எந்த ஒளிவும் மறைவும் இல்லாமல், தப்பித்துக்கொள்ளும் எண்ணம் இல்லாமல், சுதந்திரமாக ஏற்கிறேன் என்று சொல்கிறது. உள்ளே “மாட்டேன்” என்று வைத்துக்கொண்டு வெளியே “ஆம்” என்று சொன்னால், முந்தைய பகுதியில் சொன்னதைக் கடைசிப் பகுதி பொய்யாக்கிவிடும்.

அதற்கு அமெரிக்கச் சட்டத்திலேயே வழி இருப்பது எங்களுக்கு இந்த வகுப்பில்தான் தெரிந்தது. சமயப் பயிற்சியாலும் நம்பிக்கையாலும், அல்லது அதற்கு நிகராக ஆழ்ந்து வேரூன்றிய அறநெறியாலும் ஆயுதம் ஏந்துவதை எதிர்ப்பவர், அந்தப் பகுதியை விட்டுவிட்டு உறுதிமொழி எடுக்கக் கோரலாம். போரிடாத ராணுவப் பணியையும் மனசாட்சி ஏற்காவிட்டால் அதையும் விடலாம். எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் எதிர்ப்பது போதாது. சிவில் நிர்வாகத்தின் கீழ் செய்யும் பணிக்கான வாக்குறுதிக்கு மட்டும் விலக்கு இல்லை. “ஆணையிட்டு” என்பதற்குப் பதிலாக “உளமார உறுதி கூறுகிறேன்” என்று சொல்லவும், கடைசியில் கடவுளை அழைக்கும் சொற்களை விட்டுவிடவும் இடம் உண்டு. விண்ணப்பத்தில் ஏற்கெனவே குறித்ததை நேர்காணலில் அதிகாரி ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்பார். அப்போது உண்மையைச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்றும் ஆசிரியர் சொன்னார். அக்கா ஆயுதப் பகுதியை மட்டும் விடக் கோருவது, காயம்பட்டவர்களுக்கு உதவுவது போன்ற பணிக்குச் சம்மதிப்பது என்று முடிவெடுத்தார். தம் நெறியைத் தாமே ஆங்கிலத்தில் நாலு வரியில் சொல்வதற்கு அதன்பின் தினமும் மாலையில் பழகினார்.

ஒரு குறை இங்கே சொல்ல வேண்டும். அக்கா கேட்டிருக்காவிட்டால் இந்த விலக்கைப் பற்றி வகுப்பில் பேச்சே வந்திருக்காது. கையேட்டிலும் அது இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சன்மார்க்க நெறியைப் பின்பற்றுவோர் எத்தனையோ பேர் இருக்கையில், இது எல்லா அணிகளுக்கும் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி.

இரண்டாவது வகுப்பில் இந்தியாவின் உறுதிமொழியையும் பக்கத்தில் எழுதிக் காட்டினார். நம் குடியுரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் அது மிகச் சிறியது: சட்டத்தால் நிறுவப்பட்ட இந்திய அரசியலமைப்பின்பால் உண்மையான பற்றும் விசுவாசமும் கொண்டிருப்பேன், இந்தியாவின் சட்டங்களை நேர்மையாகக் கடைப்பிடிப்பேன், இந்தியக் குடிமகனுக்குரிய கடமைகளை நிறைவேற்றுவேன். இரண்டு நாடுகளிலுமே வாக்குக் கொடுக்கப்படுவது ஆட்சியில் இருக்கும் மனிதருக்கு அன்று, அரசியலமைப்புக்கு என்பதை அப்போது எல்லோரும் ஒருசேரக் கவனித்தார்கள். எனக்கு ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களின் நினைவு வந்தது. இந்தச் சிறிய உறுதிமொழியைச் சொல்லும் வாய்ப்புக்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆசிரியரும் அதைக் குறிப்பிட்டுச் சொன்னது எனக்கு மன நிறைவைத் தந்தது.

சொத்து பற்றிய பகுதி மிகவும் அவசரமாக முடிந்தது; என் பெரிய வருத்தம் இதுதான். நம் பக்கத்தில் குடும்பச் சொத்து என்றால் பெரும்பாலும் மாந்தோப்பும் மானாவாரி நிலமும்தான். குடியுரிமை மாறினால் தோப்பு கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தோடு வந்தவர்கள் வகுப்பில் பாதிப் பேர். உண்மையில், ஏற்கெனவே சட்டப்படி உள்ள விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். வாரிசாக வருவதையும் பெறலாம். விலைக்கு வாங்குவதும் தானமாகப் பெறுவதும்தான் கூடாது. விற்பதானால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும். வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட இந்தியக் குடிமகனுக்கும் விவசாய நிலம் வாங்கத் தடை இருப்பதால், கிரீன் கார்டோடு அங்கே வசிப்பவருக்கு இந்த விஷயத்தில் புதிதாக எதுவும் மாறிவிடுவதில்லை. அண்ணன் தம்பிகள் பாசத்தோடு தானப் பத்திரம் எழுதித் தர முன்வரும் ஊர் இது. பிறகு வரும் சிக்கலை நினைத்தால், இதற்கு அரை மணி நேரம் போதவே போதாது. பத்திரப்பதிவு விவரம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரை ஒரு நாளாவது அழைத்துவந்தால் பேருதவியாக இருக்கும்.

நேர்காணலில் தேறியவுடனே குடிமகனாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது, உறுதிமொழி எடுக்கும் அந்த விழாவில்தான் குடியுரிமை வருகிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நல்லது. அதற்கு முன் யாராவது வாக்காளர் படிவம் நீட்டினால் கையெழுத்துப் போடக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். அதுவும் மிகத் தேவையானது. குடிமக்களாக இல்லாதவர்கள் வாக்காளராகப் பதிவு செய்தால் குடியுரிமை விண்ணப்பமே பாழாகலாம். விழாவன்று கிரீன் கார்டைத் திரும்பக் கொடுத்துவிட்டுச் சான்றிதழைப் பெற வேண்டும் என்பதையும், அதன்பின் ஜூரிப் பணிக்கு, அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவில் அமர, அழைப்பு வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதையும் தெளிவாகவே சொன்னார்கள். ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால், குடியுரிமைக்குத் தேவையான அமெரிக்கத் தொடர் வசிப்பு முறிந்ததாகக் கருதப்படலாம் என்ற எச்சரிக்கை சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆங்கிலப் பகுதி சுமார்தான். எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. எழுதிப் பழக்கம் விட்டுப்போன பெண்களுக்கு அது போதாது. கையேடு இன்னும் 100 கேள்விப் பட்டியலையே வைத்து அச்சிடப்பட்டிருக்கிறது. புதியவற்றை நகலெடுத்துப் பின்னால் பின் அடித்துக் கொடுக்கிறார்கள். எது யாருக்கு என்று வயதானவர்கள் குழம்புகிறார்கள். உடனே மாற்ற வேண்டியது இது.

கட்டணம் 4,000 ரூபாய். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் 6,500. கையேடு அதில் அடக்கம். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டிவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே உள்ள அறையில் வகுப்பை வைக்கிறார்கள். பிற்பகல் அணியைவிடக் காலை அணியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெயில் நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழ் அமர்வது வயதானவர்களுக்குச் சிரமம். சேரும்போது விண்ணப்பத்தின் நகலைக் கட்டாயம் கொண்டுபோங்கள். உறுதிமொழி பற்றிய கேள்விகளுக்குப் பிள்ளைகள் உங்கள் பெயரில் என்ன பதில் குறித்திருக்கிறார்கள் என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துக்கொள்ள முதல் வாரத்திலேயே நேரம் கேளுங்கள். கேட்டால் தட்டாமல் ஒதுக்கித் தருகிறார்.